சாங்ஷன் என்றால் ஒப்புதல் மட்டும்தானா?

வங்கித் தேர்வுக்குப் படித்தபோது என் நோட்டில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ப் பொருள்தான் இருக்கும். சாங்ஷன் என்றால் ஒப்புதல். ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று வீட்டில் கேட்டுப் பழகிய சொல், அதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதிரித் தேர்வில், 2018-இல் அமெரிக்கா ஈரான் மீது மீண்டும் ‘சாங்ஷன்ஸ்’ விதித்தது பற்றிய பத்தி வந்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். ஒப்புதல் என்றே குறித்தேன். கிடைக்க வேண்டிய மதிப்பெண் போனதோடு, தவறான விடைக்காகக் கால் மதிப்பெண்ணும் கழிந்தது. சரியான விடை தண்டனை, அதாவது பொருளாதாரத் தடை.

ஒப்புதலும் தண்டனையும் எப்படி ஒரே சொல்லாகும்? அன்று இரவே அகராதியில் வேரைத் தேடினேன். லத்தீனில் ‘சாங்கிரே’ என்றால் புனிதமாக்குதல், மீற முடியாததாக்குதல். ‘செயின்ட்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். அப்படி உறுதியாக்கப்பட்ட ஆணைக்கே சாங்ஷன் என்று பெயர். தன் வாரிசுரிமை மகளுக்கும் போகலாம் என்று புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1713-இல் பிறப்பித்த ‘பிராக்மாட்டிக் சாங்ஷன்’ இந்தப் பொருளில்தான். வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்த பெயர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது! ஆணை ஒன்றுக்கு வலு தருவது ஒப்புதல். அதை மீறினால் கிடைப்பது தண்டனை. ஒரே வேரிலிருந்து இரண்டு கிளை. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு 1935-இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் விதித்த தடைகள் இரண்டாவது கிளை.

தேர்வில் எப்படிக் கண்டுபிடிப்பது? பன்மையில் வந்து, பின்னால் ‘ஆன்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ இருந்தால் பெரும்பாலும் தடை. கடன், பணியிடம், நிதி என்று பக்கத்தில் வந்தால் ஒப்புதல். வினைச்சொல்லாக வரும்போதுதான் கவனம் வேண்டும். ஒரு நிறுவனத்தை ‘சாங்ஷன்’ செய்தார்கள் என்று செய்தியில் வந்தால் தண்டித்தார்கள் என்று பொருள். ஒரு திட்டத்தை ‘சாங்ஷன்’ செய்தார்கள் என்றால் அனுமதித்தார்கள் என்று பொருள். அதனால் முழு வாக்கியத்தையும் படித்துவிட்டே விடைகளைப் பாருங்கள்.

அப்புறம், நோட்டில் பொருளை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு பொருளுக்கும் செய்தித்தாளில் கண்ட ஒரு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். நான் அப்படி அடுத்து எழுதியது ‘ஓவர்சைட்’. அதற்கு மேற்பார்வை என்றும் பொருள், கவனிக்காமல் விட்ட பிழை என்றும் பொருள்.