ரேமுக்குப் பதில் பழைய சிபியூ

கிருஷ்ணகிரியில் டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனர், மாங்காய் மண்டிக்கு பில் புத்தகம் என்று வேலை ஓடும். பெரிய பேனர் ஃபைலைத் திறந்தால் 8 ஜிபி ரேம் திணறும், ரேம் போதாமல் டிஸ்க்கில் எடுக்கும் இடமும் நிரம்பி ‘ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்’ என்று வந்து நிற்கும். 2025 கடைசியில், என் கம்ப்யூட்டர் ஏற்கும் டிடிஆர்4 ரக ரேம் 16 ஜிபி என்ன விலை என்று விசாரித்தேன். முந்தைய வருடத்து விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். “அடுத்த வாரம் இதுவும் இருக்காது சார்” என்றார் கடைக்காரர். வியாபாரப் பேச்சு என்று விட்டேன். அடுத்த வாரம் நிஜமாகவே ஏறியிருந்தது.

ஏஐ டேட்டா சென்டர்கள் கேட்கும் எச்பிஎம் என்ற அதிவேக மெமரியில்தான் லாபம் என்று ரேம் சிப் தயாரிக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. க்ரூசியல் என்ற பிராண்ட் பெயரில் கடைகளில் ரேம் விற்பதையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. பழசுதானே என்று டிடிஆர்4-ஐ நம்பவும் முடியவில்லை. அதன் உற்பத்தியையும் குறைத்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்கும் முந்தைய டிடிஆர்3 அப்போது உதிரியாக மலிவு. ஆனால் ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காராது. சரி, ரேமை மட்டும் தேடுவதை விட்டுவிட்டு, டிடிஆர்3 ஏற்கும் பழைய சிபியூவையே முழுசாகத் தேடுவோம் என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறினேன். ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும்.

நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டு என்று ஒரு சிபியூவைப் பிடித்தேன். நான்கிலும் 8 ஜிபி டிடிஆர்3 போட்டு 32 ஜிபி ஆக்கித் தரச் சொன்னேன். மொத்தமாகவே இங்கே கேட்ட 16 ஜிபி விலைக்குக் கீழேதான் வந்தது. சர்வரில் கழற்றிய ரேமை இன்னும் மலிவாகத் தள்ளப் பார்ப்பார்கள். அது சர்வருக்கென்றே செய்த ‘ரெஜிஸ்டர்டு’ ரகமென்றால் சாதாரண போர்டில் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது, தொடாதீர்கள்.

வந்ததும் பென்டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராமைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பிழை என்று சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் ஒரு ஸ்டிக் அவுட். பில்லில் வாரண்டி எழுதி வாங்கியிருந்ததால் பேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் பாதுகாப்புக்காக இதற்கு நெட் கொடுக்கவில்லை, டிசைன் மட்டும்தான். வாட்ஸ்அப், மெயில் எல்லாம் பழைய 8 ஜிபி சிஸ்டத்தில். பிடிஎஃப் ஆக்க இது கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் பேனர் நடுவில் நிற்பதில்லை. பக்கத்து ஸ்டூடியோக்காரருக்கும் இதே மாதிரி ஒன்று கேட்டு போன மாதம் போன் செய்தேன். டிடிஆர்3-க்கும் விலையைக் கூட்டிவிட்டார்கள்.