எஃப்4 நாட்குறிப்பு: மும்பை இன்டர்வியூ வரை

பிப்ரவரி 10, 2025, திங்கள்

இன்டர்வியூ கடிதம் வந்துவிட்டது. மார்ச் 18 காலை, மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகம். சுற்றுலா விசாவுக்குச் சென்னையிலேயே போய் நின்றுவிடலாம். எங்களுடையது குடியேற்ற விசா, அதனால் மும்பை.

அக்கா எங்களுக்காக மனு போட்டது 2005 நவம்பரில். அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் உடன்பிறந்தவர்களுக்குப் போடும் மனு இது, எஃப்4 என்பார்கள். பையன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் சுருக்கமானது: இந்தப் பிரிவில் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 65,000 விசாதான். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கம். அதிலும் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. இந்தியாவிலிருந்து நிற்பவர்களின் வரிசை எப்படி நகரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உறவினர் வீட்டில் எல்லோரும் கேட்பது மகளைப் பற்றித்தான். "அவளுக்குத்தான் 23 ஆகிவிட்டதே, 21 தாண்டினால் கிடையாதாமே?" கிடைக்கும். 2002-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. மனு குடியேற்றத் துறையில் முடிவாகாமல் கிடந்த காலத்தை, வரிசையில் நம் முறை வந்து விசா எண் கிடைத்த மாதத்தில் பிள்ளைக்கு இருந்த வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்கள் மனு நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடந்துதான் ஒப்புதல் ஆனது. அன்றைக்கு அந்தத் தாமதத்தைத் திட்டாத நாள் இல்லை. இன்று மகளைக் காப்பாற்றுவது அதே தாமதம்தான். நிபந்தனைகள் இரண்டு. எண் கிடைத்த ஓர் ஆண்டுக்குள் கட்டணம் கட்டியோ விண்ணப்பம் போட்டோ 'எனக்கு வேண்டும்' என்று காட்டியிருக்க வேண்டும். அப்புறம், அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இரண்டாவதைப் பற்றி அத்தைமார்களிடம் விளக்குவதைவிடத் தூதரகத்தில் பதில் சொல்வது சுலபம்.

பிப்ரவரி 22, சனி

மெடிக்கல் முடிந்தது. தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும்தான் செய்துகொள்ள முடியும். குடும்ப டாக்டரின் சான்று செல்லாது. ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, உடல் பரிசோதனை, பழைய நோய்கள் பற்றிய கேள்விகள். முக்கியமாகத் தேடுவது காசநோயை. அதற்கப்புறம் தடுப்பூசிக் கணக்கு. வயதைப் பொறுத்துத் தட்டம்மை, சின்னம்மை, டெட்டனஸ் என்று பட்டியல் நீள்கிறது. பிள்ளைகளின் சிறுவயதுத் தடுப்பூசி அட்டைகளை மனைவி பத்திரமாக வைத்திருந்ததால் அவர்களுக்கு ஊசி குறைந்தது. எனக்கு எந்த அட்டையும் இல்லை. இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. மெடிக்கல் பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் காலாவதித் தேதியும் அதை ஒட்டித்தான் அமையும். ரொம்ப முன்னாடியே செய்துவிட்டால், விசா கிடைத்தும் கிளம்ப அவகாசம் குறைந்துவிடும். இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் வரை இழுப்பதும் ஆபத்து. காசநோய்ச் சந்தேகத்தில் சளிப் பரிசோதனை என்று சொல்லிவிட்டால் அதன் முடிவுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மெடிக்கல் முடிவைச் சீல் வைத்த உறையில் போட்டுக் கையில் கொடுத்தால் பிரிக்கவே கூடாது.

மார்ச் 2, ஞாயிறு

இன்று முழுக்க ஃபைல் வேலை. இன்டர்வியூவுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அலுவலகமான நேஷனல் விசா சென்டருக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியாகிவிட்டது என்றாலும் மும்பையில் ஒரிஜினல்களைக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட், இன்டர்வியூ கடிதம், டிஎஸ்-260 என்ற ஆன்லைன் குடியேற்ற விசா விண்ணப்பத்தின் உறுதிப்பக்கம், இரண்டுக்கு இரண்டு அங்குலப் புகைப்படங்கள், பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கிய பி.சி.சி., அதாவது குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று. தமிழில் மட்டும் இருப்பவற்றுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு.

அக்கா பக்கத்திலிருந்து ஆதரவுப் பிரமாணம், ஐ-864. எங்களைத் தாங்குவேன் என்று அவள் அமெரிக்க அரசுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்காவது வருமானம் இருக்க வேண்டும். அக்கா, அத்தான், நாங்கள் நால்வர் என்று ஆறு பேருக்கு 2024 கணக்குப்படி 52,450 டாலர். அதைத் தாண்டிவிட்டதால் வேறு ஸ்பான்சர் தேவைப்படவில்லை. கட்டணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது: தலைக்கு 325 டாலர், இந்தப் பிரமாணத்துக்கு மொத்தமாக 120.

ஆனால் இந்தப் பிரிவில் உண்மையான கேள்வி பணம் இல்லை. இவள் என் அக்காதானா? அவ்வளவுதான். இரண்டு பேரின் பிறப்புச் சான்றிலும் ஒரே அப்பா அம்மா பெயர் இருந்தால் பிரச்சினை முடிந்தது. அக்கா பிறந்தது 1968-இல், வீட்டில். பிறப்பைப் பதிவு செய்தது எத்தனையோ வருஷம் கழித்து. தாமதமாகப் பதிவான சான்றை மட்டும் வைத்து அவர்கள் திருப்தியடைவதில்லை. பழைய சான்றுகள் எதிர்பார்ப்பார்கள். அக்காவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், என் டி.சி., அப்பாவின் ஓய்வூதியக் கோப்பிலிருந்த குடும்ப விவரத் தாள் எல்லாம் எடுத்து வைத்தேன். அப்பாவின் பெயர் அக்காவின் புத்தகத்தில் 'ன்' என்று முடிகிறது, என் டி.சி.யில் 'ம்' என்று. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் எழுதினதுதான் சட்டம் என்றிருந்த காலம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் சேர்த்திருக்கிறேன்.

பழைய போட்டோக்களைத் தேடினதில் பாதி நாள் போய்விட்டது. அக்கா கல்யாணத்தில் நான் அரைக்கால்சட்டையோடு நிற்கும் படத்தைப் பார்த்துப் பையன் சிரித்து முடிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

சக விண்ணப்பதாரர்களின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். எந்த ஜன்னலில் உட்காரும் அதிகாரி கடுமையானவர், எந்த நிற ஸ்லிப் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று விடிய விடிய ஆராய்ச்சி. கேள்வி பதில்களை மனப்பாடம் செய்ய வைக்கப் பணம் வாங்கும் ஏஜென்ட் ஒருவரின் விளம்பரம் வேறு. மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் நம் டிஎஸ்-260-ஐ நாமே ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். பதினாறு வயதிலிருந்து குடியிருந்த எல்லா முகவரியும் அதில் கேட்டிருந்தார்கள். நானே மறந்துவிட்ட ஒரு மேன்ஷன் அறைகூட அதில் இருக்கிறது.

மார்ச் 17, திங்கள், மும்பை

கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் வேலை இன்று. இது தூதரகத்தில் இல்லை, விசா விண்ணப்ப மையத்தில். சீக்கிரமே முடிந்தது. மாலையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் வரை நடந்து தூதரக வாசலைப் பார்த்துவிட்டு வந்தோம், காலையில் வழி தேடி அலைய வேண்டாம் என்று.

மார்ச் 18, செவ்வாய்

ஃபோன், ஸ்மார்ட் வாட்ச், பை எல்லாவற்றையும் ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம். எதையும் உள்ளே விட மாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வாசலுக்கு வந்த பிறகு ஃபோனோடு திண்டாடியவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான்கு ஃபோல்டர்கள், ஆளுக்கொன்று, கையில்.

வெளியே வரிசை, பாஸ்போர்ட் சரிபார்ப்பு, பாதுகாப்புச் சோதனை. உள்ளே போனால் வங்கிக் கவுன்டர் மாதிரி கண்ணாடி ஜன்னல்கள். முதலில் ஓர் உள்ளூர் ஊழியர் கூப்பிட்டார். கேள்வி எதுவும் இல்லை, வெறும் காகித வேலை. அவர் கேட்ட வரிசையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாமாக முழு ஃபைலையும் தள்ளினால் எரிச்சலாகிறார்கள். சிலவற்றை வாங்கிக்கொண்டார், சிலவற்றைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்காவின் பிறப்புச் சான்றில் பதிவுத் தேதியைப் பார்த்ததும் பேனாவால் ஏதோ குறித்தார். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

அப்புறம் காத்திருப்பு. அன்றைய பொழுதில் பெரும்பகுதி இதுதான். கைக்குழந்தைகள், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, புதுத் தாலியோடு ஒரு பெண். ஜன்னலில் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது; ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு குஜராத்திக் குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர் உதவிக்கொண்டிருந்தார்.

எங்கள் எண் வந்தது. நால்வரும் ஜன்னல் முன் நின்றோம். அதிகாரி இளைஞர், முகத்தில் ஒன்றும் தெரியாத மனிதர். மறுபடி கைரேகை. வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம்.

மனு போட்டது யார், அவர் அங்கே என்ன செய்கிறார், எப்படிக் குடியுரிமை பெற்றார், கடைசியாக எப்போது பார்த்தீர்கள், உங்களோடு பிறந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர். இதுவரை பேச்சு மாதிரியே போனது. பிறகு குனிந்து காகிதத்தைப் பார்த்தார். "உங்கள் சகோதரியின் பிறப்பு இவ்வளவு தாமதமாக ஏன் பதிவானது?" வீட்டில் பிறந்தாள், அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பதிவு செய்யும் பழக்கம் குறைவு, வெளிநாடு போகச் சான்று தேவைப்பட்டபோதுதான் பதிந்தோம் என்றேன். வேறு என்ன இருக்கிறது என்றார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நீட்டினேன். பழுப்பேறிய பக்கங்களை அவர் புரட்டின விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. கடைசி எழுத்து விவகாரத்தை அவரே கவனித்துக் கேட்டார். பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்தேன். போட்டோக்களில் இரண்டு மூன்றைப் பார்த்தார். அரைக்கால்சட்டைப் படத்தில் ஒரு நொடி நின்றார். என்ன நினைத்தாரோ!

"இதற்கு முன் விசா மறுக்கப்பட்டிருக்கிறதா?" 2011-இல் அக்கா வீட்டுக்குப் போகச் சுற்றுலா விசா கேட்டு மறுக்கப்பட்டதைச் சொன்னேன். குடியேறும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய விசா அது. மனு போட்டுவிட்டுக் காத்திருப்பவன் எப்படி நிரூபிப்பது? குடியேற்ற விசாவுக்கு அந்த மறுப்பு ஒரு தடையே இல்லை. மறைத்திருந்தால்தான் வினை. பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்ததாக முடிவானால் வாழ்நாள் முழுக்கத் தடை விழலாம்.

மனைவியிடம் திருமணத் தேதி. பையனிடம் எப்போதாவது கைதானதுண்டா. அவன் மிரண்டுபோய் "நோ சார்" என்றது பக்கத்து ஜன்னல் வரை கேட்டிருக்கும். மகளிடம், திருமணம் ஆகியிருக்கிறதா, எப்போதாவது ஆகியிருந்ததா. இல்லை. அமெரிக்காவுக்குள் நுழையும் முன் திருமணம் செய்துகொண்டால் விசா செல்லாது என்று எச்சரிக்கும் தாளில் கையெழுத்து வாங்கினார். அவள் வயதுக் கணக்கைத் தாளில் எழுதிச் சரிபார்த்ததையும் பார்த்தேன்.

பிறகு தட்டச்சு. அந்த நேரம்தான் நீளம். கடைசியில் தலை நிமிர்ந்து, விசாக்களுக்கு ஒப்புதல் தருவதாகச் சொன்னார். ஒரிஜினல்கள் திரும்பி வந்தன, பாஸ்போர்ட்கள் அங்கேயே நின்றுவிட்டன. மொத்தம் கால் மணி நேரம் இருக்குமா என்பது சந்தேகம்.

வெளியே வரும்போது புதுத் தாலிப் பெண் ஒரு தாளைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். 221(ஜி). வாங்கிப் படித்தேன், கணவரின் சமீபத்திய வரி ஆவணம் வேண்டும் என்றிருந்தது. இதற்குச் சட்டத்தின் வார்த்தையில் மறுப்பு என்றுதான் பெயர், அதனால் பயந்துவிட்டாள். கேட்ட ஆவணத்தைக் கொடுத்தால் விண்ணப்பம் மறுபடி நகரும். அதற்கு ஓர் ஆண்டு அவகாசம் உண்டு, அதைத் தாண்டினால்தான் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். மனைவி அவளை உட்காரவைத்து இதை இரண்டு தடவை சொன்னாள்.

ஹோட்டலுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. "என்னடா சொன்னாங்க?" என்றாள் எடுத்தவுடனேயே.

மார்ச் 21, வெள்ளி

இணையதளத்தில் நிலை இன்னும் மாறவில்லை. ஜன்னலில் ஒப்புதல் என்று சொன்ன பிறகும் அச்சாகிக் கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள், வேலையை விடாதீர்கள், வீட்டை விற்காதீர்கள். தூதரகமே அப்படித்தான் சொல்கிறது. மைத்துனருக்கு இது புரியவில்லை. வீட்டுக்கு ஆள் கூட்டி வருகிறேன் என்கிறார்.

மார்ச் 27, வியாழன்

பாஸ்போர்ட்கள் வந்தன. பெயர், பிறந்த தேதி, எல்லாம் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். மனைவியின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், அதனால் விசாவில் அது குடும்பப் பெயராகிவிட்டது, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ'. முதற்பெயர் தெரியாது என்று பொருள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு இப்படி ஒரு பெயர். பையன் அதற்குள் அம்மாவை ஃப்னு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

இனி குடியேற்றத் துறைக்கு ஆளுக்கு 235 டாலர் ஆன்லைனில் கட்ட வேண்டும். அதைக் கட்டினால்தான் கிரீன் கார்டு அச்சாகித் தபாலில் வரும். அதுவரை, நுழையும்போது விழும் முத்திரையோடு இந்த விசாவே ஓர் ஆண்டுக்குச் சான்று.

விசா ஆகஸ்ட் 21 வரை. பையனுக்குச் செமஸ்டர் தேர்வு இருக்கிறது. நான் அலுவலகக் கணக்குகளை முடித்துவிட்டுப் பின்னால் வருகிறேன், நீங்கள் மூவரும் முதலில் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அது நடக்காது. மனுவில் முதன்மை ஆள் நான். நான் முதலில் நுழைய வேண்டும், அல்லது எல்லோரும் சேர்ந்து. சரி, ஜூலை இரண்டாம் வாரம், நால்வருக்கும் ஒரே விமானம். அலுவலகத்தில் நாளைக்குப் பேச வேண்டும்.