ஐந்து நொடி மட்டும் மூடும் சுவிட்ச்: எங்கள் ராக்சாட் பெட்டியின் இதுவரையிலான நிலை

அமெரிக்காவில் நான் படிக்கும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் விண்வெளிப் பொறியியல் துறை கிடையாது. வெல்டிங், மின்னணுவியல், கணிதம் என்று வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வந்த ஐந்து பேர் சேர்ந்து, ராக்சாட்-சி திட்டத்துக்கான ஆய்வுக்கருவிப் பெட்டி ஒன்றைச் செய்து வருகிறோம். நாசாவும் அதன் நிதியுதவி பெறும் ஸ்பேஸ் கிராண்ட் என்ற கல்லூரிக் கூட்டமைப்புகளும் நடத்தும் இத்திட்டத்தில், மாணவர்களின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வர்ஜீனியாவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து புறப்படும் டெரியர்-இம்ப்ரூவ்டு ஓரியன் என்ற இரண்டடுக்கு ராக்கெட், 110 கிலோமீட்டருக்கும் மேலே சென்று, பாராசூட் உதவியுடன் அட்லாண்டிக் கடலில் இறங்கும்.

கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாய், முடுக்கமானி, அழுத்த உணரி ஆகியவற்றை எங்கள் பெட்டியில் வைத்திருக்கிறோம். இவற்றையெல்லாம் விட அதிக நாட்களை எடுத்துக்கொண்டது, விரல்நுனி அளவுள்ள ஒரு சுவிட்ச்தான். பெட்டியை ஒப்படைத்த பிறகு அதை யாரும் தொட முடியாது என்பதால், ராக்கெட் கிளம்பும் முடுக்கத்தை உணர்ந்து சுவிட்ச் தானாகவே மூடி மின்சாரம் தர வேண்டும்.

முதலில் அதைப் பேட்டரிக்கும் மின்சுற்றுக்கும் இடையே நேரடியாக இணைத்திருந்தோம். சோதித்துப் பார்க்க மிதிவண்டிச் சக்கரமே போதுமானதாக இருந்தது: அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் மின்சுற்றுப் பலகையைக் கட்டி, நொடிக்கு இரண்டு சுற்று சுழற்றினால் ஏறத்தாழ 5 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு முடுக்கம் கிடைக்கிறது. சுவிட்ச் சரியாக மூடியது. சக்கரம் வேகம் குறைந்ததுமே மீண்டும் திறந்துகொண்டது, பதிவும் நின்றுபோனது. ராக்கெட்டின் முதல் அடுக்கான டெரியர் மோட்டார் எரிவதே ஐந்து நொடி அளவுக்குத்தான் என்பதை அதுவரை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இணைப்போடு பெட்டி பறந்திருந்தால், ஓராண்டு உழைப்புக்கு ஐந்து நொடித் தரவுகூட மிஞ்சியிருக்காது. ஏனெனில் தரவுக் கோப்பை இறுதியில் மட்டுமே மூடும்படி நிரல் எழுதியிருந்ததால், நினைவு அட்டையில் இருந்த கோப்பு காலியாகவே இருந்தது.

ஒருமுறை மூடினால் மூடியபடியே நிற்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைச் சேர்த்து, நொடிக்கொரு முறை தரவு அட்டையில் எழுதப்படுமாறு நிரலையும் மாற்றினோம். அதன்பின் சக்கரத்தில் பதினொரு முறை சோதித்தோம்; பதினொன்றிலும் பதிவு அறுபடவில்லை. அன்று ஆய்வகத்தை விட்டுக் கிளம்பவே எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

கைகர் குழாய்க்கு 400 வோல்ட் தேவைப்படுகிறது. காற்று மெலியும் உயரத்தில், தரையில் பாதுகாப்பாக இருக்கும் இடைவெளியிலேயே இவ்வளவு மின்னழுத்தம் பொறியாகப் பாய்ந்துவிடக்கூடும் என்பதால், அந்தப் பகுதியின் மீது காப்புப் பூச்சு இரண்டு முறை பூசியிருக்கிறோம்.

எடை விஷயம் இன்னும் முடியவில்லை. ராக்கெட் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை தன்னைத்தானே சுற்றுவதால், பெட்டியின் ஈர்ப்பு மையம் நடுப்புள்ளியை ஒட்டியே அமைய வேண்டும். பேட்டரிகள் ஒரு பக்கம் இழுக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் எஃகுத் தகடுகளைத் திருகிச் சமன்செய்து வருகிறோம். அடுத்த வாரம் அதிர்வு மேசையில் ஏற்றுவதற்கு முன், அழுத்தினால் நினைவு அட்டை வெளியே வரும் ஸ்பிரிங் வகைப் பொருத்தியைக் கழற்றிவிட்டு, மூடியால் பூட்டும் வகையைப் பற்றவைக்க வேண்டும்.