ஆறாம் நம்பர் மலையில் ஒரு கருப்புக் குருவி

மயில் தோகை விரித்து ஆடுவதை நான் முதன்முதலாக நேரில் பார்த்தது கதிர்காமம் போகும் வழியில், புத்தல தாண்டி. அப்போது எனக்குப் பதினொரு வயது. பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லி எல்லோரும் இறங்கினோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வெயிலில் அந்தத் தோகை பச்சையும் நீலமுமாக மின்னியது. அது உடம்பைச் சிலிர்த்தபோது, காய்ந்த சருகை அள்ளிக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து பறவைகளின் காதலாட்டம் என்றால் எனக்கு அதுதான். கீழ்நாட்டு வெயில், வறண்ட காடு, பெரிய தோகை. ஹப்புத்தளைக்குப் பக்கத்தில், மூடுபனிக்கும் தேயிலைக்கும் நடுவே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கலாம் என்று நினைத்ததே இல்லை. வளர்ந்து, கணக்கு டீச்சராகி, முதல் சம்பளத்தில் சேர்த்த காசில் ஒரு பைனாகுலர் வாங்கிய பிறகும் லீவு கிடைத்தால் கீழேதான் ஓடினேன்.

அதை மாற்றியது அம்மா.

2020 மார்ச் மாதம் பாடசாலைகளை மூடி ஊரடங்கு போட்டார்கள். தோட்டத்து வேலை மட்டும் நிற்கவில்லை. அம்மாவுக்கு வேலையில் அதுதான் கடைசி வருடம், முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். ஏழாம் நம்பர் மலையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோவேன். ஏழாம் நம்பருக்குப் போகும் குறுக்குப் பாதை ஆறாம் நம்பர் மலை வழியாகத்தான் போகும். அந்த மலையை அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள், புதிதாகத் துளிர்க்கட்டும் என்று செடியைக் குட்டையாக வெட்டிவிடுவது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பச்சை என்பதே இருக்காது. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறக் கட்டைகள், வரிசை வரிசையாக, உச்சி வரைக்கும்.

அந்தக் கட்டை ஒன்றின் நுனியில் ஒரு கருப்புக் குருவி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பைட் புஷ்சாட் என்பார்கள். எங்களுக்குக் கருப்புக் குருவி. சிட்டுக்குருவியைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது. உடம்பெல்லாம் கறுப்பு, இறகில் ஒரு வெள்ளைப் பட்டை, வாலுக்கு மேலே இடுப்பில் கொஞ்சம் வெள்ளை. இலங்கையில் இது மலைநாட்டுப் பறவை. தேயிலைக்கும் புல்வெளிக்கும் பழகியது. பிறந்ததிலிருந்து பார்க்கிற குருவி என்பதால் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அன்று பார்த்தேன். பாடிக்கொண்டே இருந்தது திடீரென்று எழும்பியது. நேராகப் பறக்கவில்லை, இறகை வேகமாக அடித்து, ஆனால் மெதுவாக, பத்தடி உயரம் போயிருக்கும். வால் விசிறி மாதிரி விரிந்திருந்தது. கறுப்புக்குள் மடங்கிக் கிடந்த வெள்ளை முழுவதும் வெளியே தெரிந்தது, யாரோ ஒரு கைக்குட்டையை உதறினது போல. அப்புறம் இறங்கி அடுத்த கட்டையில் உட்கார்ந்து, தோள் பக்கத்து இறகுகளை உப்பிக்கொண்டு நின்றது. மறுபடி பாட்டு. மறுபடி எழும்பல். தேத்தண்ணி ஆறிப்போவது தெரியாமல் நின்றுவிட்டேன்.

என்னைக் காணவில்லை என்று அம்மாவே இறங்கி வந்தார்கள், தலையில் கூடைக் கயிறு இருந்தபடி.

"என்னத்தப் புள்ள பாக்குற?"

"அந்தக் கருப்புக் குருவி ஆடுதும்மா."

"அது ஆடட்டும். யாருக்கு ஆடுதுன்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அம்மா கையை நீட்டிக் காட்டினார்கள். காணு ஓரத்தில், மண்ணோடு மண்ணாக, தேயிலைக் கட்டையின் பட்டை நிறத்திலேயே ஒரு பறவை. முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தது.

"ஆம்பளயப் பாத்தா ஆட்டந்தான் தெரியும். பொட்டையப் பாரு, அப்பதான் என்ன நடக்குதுன்னு வெளங்கும்."

காணு என்றால் மலையில் தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால். அந்தப் பொட்டைக் குருவி காணு ஓரத்தை விட்டு நகரவே இல்லை. ஆண் எங்கே ஆடுகிறது என்பதைவிட மண் கரையில் எங்கே பொந்து இருக்கிறது என்பதில்தான் அதற்குக் கவனம். ஒரு பொந்துக்குள் போகும். வரும். நாலு கட்டை தள்ளி இன்னொன்றுக்குள் போகும். ஆண் பின்னாலேயே பறந்து வந்து, அதற்கு எதிரில் ஒரு கட்டையைப் பிடித்து, வாலை விரித்து நிற்கும். அது தலையைத் திருப்பினால் உடனே பாட்டு. திருப்பாவிட்டால் இடம் மாறும். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆண் இஷ்டத்துக்கு ஆடவில்லை. ஒவ்வொரு எழும்பலும், ஒவ்வொரு கட்டையும், பொட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான்.

நாலாம் நாள் பொட்டைக் குருவி அலகில் காய்ந்த புல்லோடு மூன்றாவது பொந்துக்குள் போனது. அதற்கடுத்த நாட்களில், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பக்கமிருந்து ஆட்டு மயிர் எடுத்து வந்தது. ஆணின் ஆட்டமும் குறைந்துவிட்டது, காவலுக்கு உட்கார்ந்து பாடுவதோடு சரி. காணு வெட்டுகிறவர்களிடம் அம்மா சொல்லி வைத்தார்கள், அந்த இடத்தில் மண்வெட்டி படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி. அவர்கள் காலத்தில் எல்லோரும் அப்படிச் சொல்லி வைப்பார்களாம். முப்பத்தொரு வருடம் குனிந்து நின்று வேலை செய்த ஒருவருக்கு எந்தப் பறவை எந்த மாதம் எந்தக் காணுவில் கூடு கட்டும் என்று தெரிந்திருந்தது. நான் இதைக் கேட்கவே இல்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் பொட்டையைத்தான் தேடுகிறேன்.

தம்பி வேன் ஓட்டுகிறான். ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆட்களைக் கூட்டிப் போவதென்றால் விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு ஒஹிய வழியாக ஏற வேண்டும். இடம் இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்வான். மேலே விடியற்காலையில் வீதியோரப் புல்லில் காட்டுக்கோழிகள் மேய வரும். காட்டுச் சேவல்தான் நம் நாட்டின் தேசியப் பறவை, இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1831 இல் பிரெஞ்சு நாட்டு லெஸ்ஸோன் என்பவர் அதற்கு லஃபாயெத் பிரபுவின் பெயரை வைத்தார். இந்தத் தீவில் கால் வைக்காத ஒரு மனிதரின் பெயர் நம் காட்டுச் சேவலுக்கு. எனக்கு அதில் வருத்தம்தான்.

தங்க நிறக் கழுத்து, செம்மஞ்சள் மார்பு, நீலக் கறுப்பு வால். கொண்டை சிவப்பு, அதன் நடுவில் மட்டும் மஞ்சள், நெருப்புக்குள் நெருப்பு வைத்த மாதிரி. போன தை மாதம் ஒரு சேவலை இருபதடி தூரத்தில், வேனுக்குள் இருந்தபடியே பார்த்தேன். அது காலால் மண்ணைக் கிளறி எதையோ எடுத்தது, விழுங்கவில்லை. கீழே போட்டது, மறுபடி எடுத்தது, தொண்டைக்குள் கொக் கொக் என்று கூப்பிட்டது. கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த கூப்பாடுதான். எங்கள் லயத்துச் சேவலும் இதையேதான் செய்யும். ஆனால் பனி படர்ந்த அந்தப் புல்லில், ஒரு காட்டுப் பறவை கிடைத்த இரையைத் தான் தின்னாமல் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

பெட்டைக்கோழி புதருக்குள் இருந்தது. நெஞ்சில் வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளிகள், நெலுச் செடியின் அடியில் நின்றால் கண்ணுக்கே தெரியாது. மூன்று தரம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. நாலாம் தரம் வந்தது. இரையை எடுத்துத் தின்றது. சேவல் உடனே ஓர் இறகைத் தரை தொடத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, குறுங்காலடி வைத்து அரைவட்டம் சுற்றியது. பெட்டை அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. அப்போது பின்னால் வந்த ஜீப் ஹோர்ன் அடித்தது, இரண்டும் புதருக்குள் போய்விட்டன.

அந்த ஜீப்பிலிருந்து ஒருவர் பிஸ்கட் வீசினார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வீதியோரத்தில் பிஸ்கட்டுக்குப் பழகின சேவல்கள் இப்போது நிறைய. அவை டயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எப்போது எந்த வாகனத்தில் அடிபடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலைக்காட்டில் வளைந்த மஞ்சள் அலகோடு ஒரு சிலம்பன் உண்டு, வாள் மாதிரி வளைந்த அலகு. இதுவும் இலங்கைக்கே உரியது. அதில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். ஆண் உருட்டி உருட்டிப் பாடி முடிக்கிற நொடியிலேயே பெண் ஒரு சின்ன வெட்டுக் குரலைப் போடும், இடைவெளியே இருக்காது. முதலில் ஒரே பறவை என்றுதான் நினைத்திருந்தேன். ஹக்கலையில் இரண்டையும் ஒரே கொடியில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பாட்டின் கடைசி எழுத்து அவளுடையது என்று. அன்று பக்கத்தில் ஒருவர் போனில் பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார், படத்துக்கு அருகில் வரட்டும் என்று. ஆண் பதறிப் பதறி நெருங்கி வந்தது, எதிரி ஒருவன் நுழைந்துவிட்டான் என்று. பெண் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. அரை மணி நேரம் இருந்தேன், அந்தப் பாட்டு பாதியாகவே கேட்டது. அவரிடம் சொன்னேன், "ஐயா, நிப்பாட்டுங்க." கோபித்துக்கொண்டார். பரவாயில்லை, இனியும் சொல்வேன்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. புள்ளிப்புறா சடசடவென்று இறகை அடித்துக்கொண்டு செங்குத்தாக ஏறி, வாலை விரித்தபடி வழுக்கி இறங்குவதை எந்த லயத்து முற்றத்திலும் பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம். தங்கமலைக் காட்டுக்கு மேலே கருங்கழுகு இறகை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழும், அடிவரை போய் மறுபடி அதே வேகத்தில் மேலே ஏறும், ஏறி உச்சியில் ஒரு நொடி அப்படியே நிற்கும். அதைத் தெளிந்த காலையில் மலைமுகட்டில் இருந்து பார்க்க வேண்டும், எழுதிக் காட்ட முடியாது.

டிசம்பரில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக் குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் தேடுவார்கள். அழகான பறவைகள்தான். ஆனால் அவை குளிர்காலத்தைக் கழிக்க வந்த விருந்தாளிகள். காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஜோடி தேடுவதும் கூடு கட்டுவதும் இமயமலைப் பக்கத்தில். இங்கே வந்து சாப்பிடும், ஓய்வெடுக்கும். காதலைப் பார்க்க வேண்டுமென்றால், விருந்தாளிகள் திரும்பத் தொடங்கும் மாசி, பங்குனியில் வாருங்கள்.

போன வருடம் மறுபடி புத்தலவுக்குப் போனேன். மயில் ஆடியது. இந்தத் தடவை அதன் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். நாம் வால் என்று சொல்லும் தோகை வாலே இல்லை, முதுகின் கீழ்ப்பக்கத்து இறகுகள்தான் அப்படி நீண்டிருக்கின்றன. உண்மையான வால் குட்டையாக, மங்கலான நிறத்தில், பின்னால் நின்று அத்தனையையும் தாங்கிப் பிடிக்கிறது. சீசன் முடிந்ததும் தோகை முழுவதும் உதிர்ந்துவிடும், அடுத்த வருடத்துக்கு மறுபடி முதலிலிருந்து முளைக்க வேண்டும். எதிரில் மூன்று பெண்மயில்கள். ஒன்று புல் விதை கொத்திக்கொண்டிருந்தது, ஒன்று நடந்து போய்விட்டது. மூன்றாவது தலையை உயர்த்தி நின்று பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பதினொரு வயதில் நான் பார்த்த மயிலுக்கு எதிரிலும் இப்படி யாராவது நின்றிருப்பார்கள். அந்த முகம் எனக்கு ஞாபகமில்லை.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை, முழங்கால் விடவில்லை. வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆறாம் நம்பரை மறுபடி கவ்வாத்து வெட்டி இரண்டு மாதமாகிறது. போன வாரத்திலிருந்து ஒரு கருப்புக் குருவி நடுக்கட்டையில் ஏறிப் பாடுகிறது, பழைய இடத்துக்குக் கொஞ்சம் மேலே. பாடசாலை விட்டு வரும்போது பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

நேற்றும் அம்மா கேட்டார்கள்.

"பொட்டை வந்துருச்சா?"

"இன்னும் காணலம்மா. அது மட்டும் தனியா ஆடிக்கிட்டு இருக்கு."

"தனியால்லாம் ஆடாது புள்ள. காணு ஓரமா பாரு."

இன்று பைனாகுலரைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.