அறுபத்தேழு சென்ரிமீற்றருக்கு அப்பால்

முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தது மீன் முள். கீரியும் சூடையும் தின்று வளர்ந்த ஆள் நான். மகளுக்கு முள்ளெடுத்து ஊட்டியதும் இந்தக் கைதான். ஒரு நாள் இரவு கீரிமீன் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கே தொண்டையில் முள் குத்தியது. அதற்கு நான் குற்றம் சொன்னது குசினி பல்பை. அடுத்த கிழமை மகள் பல்பை மாற்றினாள். வெளிச்சம் கூடியது, முள் மட்டும் தெரியவில்லை.

அப்போது எனக்கு 45. குளிசை மட்டையில் உள்ள திகதி, போன் ரீலோட் கார்டில் சுரண்டிய நம்பர், தையல் ஊசியின் காது எல்லாம் ஒவ்வொன்றாய்க் கைவிட்டுப் போனது. நான் யாருக்கும் சொல்லவில்லை. மாமிதான் ஒரு நாள் நான் ஊசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "வெள்ளெழுத்து வந்திட்டு பிள்ளை. வெட்கப்படாம ஒரு கண்ணாடி வாங்கு" என்றார். வெட்கம் என்று அவர் சொன்னதில்தான் எனக்குக் கோபம். உண்மையைச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்தானே.

பார்மசியில் ஒரு வாசிப்புக் கண்ணாடி எடுத்தேன். ஸ்டாண்டைச் சுழற்றி 1.00, 1.25, 1.50 என்று பவரைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பார்த்ததில் 1.50-இல் எழுத்து கறுப்பாய் நின்றது. சோதனை அவ்வளவுதான். நான் திருகோணமலை சென்ட்ரல் ரோட்டில் ஒரு மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அன்றைக்குப் பில் புத்தகத்தைத் திறந்தபோது, ஒரு வருசமாய் 3-ஐயும் 8-ஐயும் குத்துமதிப்பாய்த்தான் பிரித்திருக்கிறேன் என்று விளங்கியது. முதலாளி இதை வாசிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

வினை சைக்கிளில் வந்தது. அலஸ்தோட்டத்திலிருந்து டவுனுக்கு லேடீஸ் சைக்கிளில்தான் போய்வருகிறேன், இருபது வருசமாய். ஒரு பின்னேரம் கடை வாசலில் மகளின் மெசேஜை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்ற மறந்து ஏறி மிதித்தேன். ரோடு எண்ணெய்த் தாளுக்குள்ளால் பார்ப்பது போல இருந்தது. களைப்பு என்று நினைத்தேன். கொஞ்சத் தூரத்தில் ரோட்டோரம் இரண்டு சீமெந்து மூட்டை. யார் இதை இங்கே இறக்கினான் என்று யோசித்தபடி கிட்டப் போனால், ஒரு மூட்டை எழும்பிக் காதை ஆட்டியது. மான். எங்கள் டவுனில் மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, ரோட்டுக்கும் வரும். நான் பிரேக் பிடித்த வேகத்துக்கு முழங்கை தேய்ந்தது. மான் ஆறுதலாய் நடந்து போனது.

அந்தச் சிராய்ப்போடுதான் கண் டாக்டரிடம் போனேன். சைக்கிளிலேயே போனேன், அது இரண்டாவது பிழை. உள்ளே பார்க்க வேண்டும் என்று கண்மணியை விரிக்கிற துளி மருந்து விட்டார்கள். "கூட யாரும் வந்திருக்கிறாங்களா?" என்று நர்ஸ் கேட்டார். "சைக்கிள் நிக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருந்து இறங்க நாலைந்து மணித்தியாலம் எடுக்கும், ஓட்டக்கூடாது என்றார். வெளியே வந்தால் உச்சி வெயில். டச்பே பக்கம் கடல் ஒரு தகரக் கூரை போலக் கண்ணைக் குத்தியது. சேலைத் தலைப்பை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளித் தள்ளி வீடு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம். யாராவது கண் பார்க்கப் போவதென்றால் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.

டாக்டர் நல்ல மனிதர், ஆறுதலாய்க் கதைத்தார். கண்ணுக்குள் இருக்கிற வில்லை சின்ன வயதில் இளநீர் வழுக்கல் மாதிரி. கிட்டப் பார்க்கும்போது தசை இறுகினால் வில்லை தடித்துக்கொடுக்கும். வயது போகப் போக அது முற்றித் தேங்காயாகிவிடும், பிறகு தசை எவ்வளவு இறுகினாலும் வில்லை அசையாது. கண்ணாடி போட்டால் கண் பழுதாகிவிடும் என்று சொல்வது பொய். போட்டாலும் போடாவிட்டாலும் நம்பர் ஏறும், அறுபது அறுபத்தைந்து வயதளவில் நின்றுவிடும். கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்தார், சீனியைச் சோதிக்க எழுதித் தந்தார். பார்மசி ஸ்டாண்டைச் சுழற்றினால் இதொன்றும் கிடைக்காது. கண் அழுத்தம் கூடினால் வலியில்லாமலே பார்வையைத் தின்னுமாம், ஆளுக்குத் தெரியவே தெரியாதாம்.

நான் கணக்கு ஆள் என்பதால் ஒரு கணக்கும் சொல்லித் தந்தார். நூறை சென்ரிமீற்றர் தூரத்தால் பிரித்தால் அந்தத் தூரத்துக்கு வேண்டிய பவர். புத்தகத்தை 40-இல் பிடித்தால் 2.50. அதில் ஒரு பங்கை என் கண்ணே இன்னும் செய்கிறது, மிச்சத்தைக் கண்ணாடி செய்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் மான் விசயம் வெளித்தது. நூறை 1.50-ஆல் பிரித்தால் 67. அந்தக் கண்ணாடியைப் போட்டால் 67 சென்ரிமீற்றருக்கு அப்பால் இருக்கிற உலகம் முழுக்க மங்கல்தான். ரோடும் அப்பால், மானும் அப்பால்.

வீட்டுக்கு வந்து தையல் பெட்டியில் கிடந்த டேப்பை எடுத்து, என் கண்ணிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று மகளைக் கொண்டு அளப்பித்தேன். ஊசி 30 சென்ரிமீற்றர். பில் புத்தகம் 40. கடைக் கொம்பியூட்டர் 65. சைக்கிளில் நிமிர்ந்து இருந்தால் சைக்கிள் மணி 70. முன் சில்லுக்குச் சற்று முன்னால் ரோடு இரண்டு மீற்றர், அதற்குப் பிறகு எல்லாம் தூரம்தான். கண்ணாடிக் கடைக்கு இந்தத் துண்டோடு போயிருக்க வேண்டும். நான் வெறுங்கையோடு போனேன்.

அங்கே எல்லாத் தூரத்துக்கும் ஒரே கண்ணாடி, கோடு தெரியாது, புதுக் கண்டுபிடிப்பு என்று புரோகிரசிவ் வில்லையை விற்றார்கள். பிறகுதான் அறிந்தேன், அது பிரான்சில் 1959-இலேயே கடைக்கு வந்துவிட்டது, என்னைவிட மூப்பு. மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. போட்ட அன்றே தரை அலையடித்தது. இரண்டு கிழமையில் பழகும் என்றார்கள். வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலில் படியிறங்கினேன். கீழே பார்த்தால் வில்லையின் அடிப்பகுதியால் பார்க்கிறேன். அது வாசிக்கிற பகுதி, படி மங்கி மேலெழும்பித் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து இறங்கினேன். பின்னால் வந்த ஒரு அம்மா "முழங்கால் வருத்தமோ?" என்று கேட்டார். ஓம் என்றுவிட்டேன்.

மூன்று கிழமையாகியும் பழகவில்லை. வேறொரு கடைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த பிள்ளை பிரேமை என் முகத்தில் போட்டு, நேரே பார்க்கச் சொல்லி, இரண்டு கண்மணிக்கும் நேராக வில்லையில் பேனையால் புள்ளி குத்தினாள். முதல் கடையில் யாரும் புள்ளி குத்தவில்லை. வில்லை இருக்க வேண்டிய இடத்தைவிட 4 மில்லிமீற்றர் உயரத்தில் பொருந்தியிருந்தது. நாலு மில்லிமீற்றர், ஒரு உளுந்து அளவு. திருத்திச் செய்து தர முதல் கடைக்காரரோடு நான் போட்ட சண்டையை எழுதினால் இன்னொரு பக்கம் வேண்டும். கடைசியில் செய்து தந்தார்கள். புரோகிரசிவ் வாங்குவதென்றால், புள்ளி குத்தாமல் அளவெடுக்கிற கடையில் காசைக் கட்டாதீர்கள்.

இப்போது கடையில் அதைத்தான் போடுகிறேன், நன்றாயிருக்கிறது. சைக்கிளில் போடுவதில்லை. நிமிர்ந்து ஓட்டும் எனக்குச் சில்லுக்கு முன்னால் உள்ள பள்ளம் அடிப்பகுதியில்தான் விழும். பின்னால் லொறி வருகிறதா என்று கடைக்கண்ணால் பார்த்தால் ஓரம் நெளியும். ரேசிங் சைக்கிள் ஓட்டுகிற மருமகனோ எனக்குச் சரிவரும் மாமி, உங்களுக்கு ஏன் சரிவராது என்கிறான். அவன் குனிந்து ஓட்டுபவன். ரோட்டை வில்லையின் மேல்விளிம்பால் பார்க்கிறான். ஒரே கண்ணாடி, ஒரே ரோடு, இருக்கிற விதம் வேறு.

எனக்குத் தூரப்பார்வை பிழையில்லை. ஆகவே ஓட்டும்போது பவர் இல்லாத வெறும் கண்ணாடி. கச்சான் காற்றுக் காலத்தில் மண் அடிக்காமல் இருக்க அது எப்படியும் வேண்டும். 1.50 கழுத்தில் கயிற்றில் தொங்கும். போன் பார்க்க வேண்டுமென்றால் நின்று, இறங்கி, போட்டுப் பார்த்து, கழற்றிய பிறகுதான் ஏறுவேன். கண்ணாடியை வீட்டில் மறந்தால் கையை முட்டியாய்ப் பொத்தி இறுக்கி நடுவில் ஊசித்துளை போல விட்டு அதற்குள்ளால் பார்ப்பேன். எழுத்து இருட்டாய் ஆனாலும் கூராய்த் தெரியும். நல்ல வெயிலில் கண்ணாடி இல்லாமலே ஓரளவு வாசிக்க முடிவதும் இதனால்தான். கண்மணி தானே சுருங்கித் துளையாகிறது. பொழுது பட்டால் அந்த உதவியும் போய்விடும்.

போன மாதம் வரும் வழியில் முன் சில்லு காற்றுப் போனது. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணன் ரியூபைக் கழற்றித் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம். பிறகு ரயருக்குள் பஞ்சுத் துண்டொன்றை வைத்துச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் பஞ்சு பிடிபட்டது. "கண்ணைவிடப் பஞ்சுக்குத் தெரியும்" என்றார். பிடிபட்ட இடத்தில் முள்ளின் நுனி மட்டும், நகத்தில் அகப்படவில்லை. சாவணத்தோடு தடவிக்கொண்டிருந்தவரைப் பார்க்கப் பொறுக்காமல் என் 1.50-ஐக் கழற்றிக் கொடுத்தேன். மூக்கில் போட்டு ரயரைக் கிட்டக் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், திரும்பக் கிட்டக் கொண்டுவந்தார்.

"காணாது தங்கச்சி" என்று திருப்பித் தந்தார். "எனக்கு இரண்டரை."

முள்ளை நான்தான் எடுத்தேன்.