பத்தியில் எங்கே இருக்கிறது, காட்டு

வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் வாசிப்புத் தேர்வு 60 நிமிடம், 40 கேள்வி. சாயங்காலம் டியூட்டி முடிந்து எங்கள் வீட்டு மாடிக்குப் படிக்க வரும் நர்ஸ் பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது ஒரே இடத்தில்தான்: ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். கேள்வியில் உள்ள வாக்கியம் பத்தியோடு ஒத்துப்போனால் ட்ரூ, முரண்பட்டால் ஃபால்ஸ், பத்தி அதைச் சொல்லவே இல்லை என்றால் நாட் கிவன்.

நேற்று நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். இரவில் காபி குடித்தவர்கள் தாமதமாகத் தூங்கினார்கள் என்று அதில் இருந்தது. கேள்வி: காபி உடலுக்குக் கெடுதல். ஒருத்தி யோசிக்காமல் ட்ரூ போட்டாள்.

"கெடுதல்தானே அக்கா?"

"இருக்கட்டும்மா. பத்தியில எங்க இருக்கு, காட்டு."

விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள். இல்லை. விடை நாட் கிவன். பத்தியே காபி நல்லது என்று சொல்லியிருந்தால்தான் ஃபால்ஸ். வார்டில் பத்து வருஷம் பார்த்தவளுக்கு, தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு வாசிப்பது லேசான காரியமில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சொற்களும் அப்படித்தான். 'அட்ரஸ்' என்றால் விலாசம் என்று எல்லார் நோட்டிலும் இருக்கிறது. 'அட்ரஸ் த ப்ராப்ளம்', அதாவது பிரச்சினையைக் கவனித்துத் தீர்க்கப் பார்ப்பது, என்று வந்ததும் திகைக்கிறார்கள். அதனால் நோட்டில் தனிச்சொல் எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இந்த வாரம் முதல் முழு வாக்கியமாகத்தான் எழுதுகிறோம்.