கையில் கட்டிய நிலா
மெக்கானிக்கல் வாட்ச்களில் என்னை ரொம்பவே மயக்குவது நிலாவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் அந்தச் சின்ன ஜன்னல்தான். உள்ளே 59 பற்கள் கொண்ட ஒரு தட்டு, அதில் எதிரெதிராக இரண்டு நிலாக்கள், தினமும் ஒரு பல் நகரும், ஒன்று மறைய மறைய மற்றது எட்டிப் பார்க்கும். அமாவாசைக்கு அமாவாசை சுமார் 29 நாள், 12 மணி, 44 நிமிடம். தட்டு இருபத்தொன்பதரை நாளோடு நிறுத்திக்கொள்கிறது, அந்த 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து இரண்டரை வருடம் தாண்டியதும் ஒரு நாள் பிசகும். 135 பல் சக்கரம் வைத்தால் 122 வருடத்துக்கு ஒரு நாள்தான்!

அப்புறம் பெர்பெச்சுவல் காலண்டர், அதாவது எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று தானே அறிந்து தேதியை மாற்றும் அமைப்பு. 4 வருடத்துக்கு ஒரு சுற்று வரும் தட்டின் விளிம்பில் 30 நாள் மாதத்துக்கு லேசான பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருடம் என்றால் ஆழம் கொஞ்சம் குறைவு. ஒரு நெம்புகோல் அதைத் தொட்டுப் பார்த்தே 28-ஆ 29-ஆ என்று முடிவு செய்கிறது. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. பட்டேக் பிலிப் என்ற ஸ்விஸ் வாட்ச் நிறுவனம் 1925-லேயே இதைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கிவிட்டது.

வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: நள்ளிரவை ஒட்டித் தேதியைத் திருத்தாதீர்கள், அப்போது சக்கரங்கள் பிணைந்திருக்கும், பல் உடையலாம்.